பானை ஆடாத அடுப்பு

அன்புள்ள ஐயா,

ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் வேதியியல் உதவிப் பேராசிரியராக இருக்கிறேன். எரிசக்தி, சுற்றுச்சூழல் இரண்டுக்குமாக ஒரு பல்துறை ஆய்வு மையம் தொடங்குகிறார்கள். என்னையும் வரச் சொல்கிறார்கள். துறைத் தலைவரோ 'ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் வேண்டாம்' என்கிறார். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்கு 2022இல் ஒரே குடும்பம் 110 கோடி டாலர் கொடுத்தது. அப்படிப் பணம் இல்லாத இடத்தில் இந்த மையமெல்லாம் பெயர்ப்பலகையோடு நின்றுவிடுமா? பதவி உயர்வு கெடுமா?

கே.

அன்புள்ள கே.,

பதவி உயர்வைப் பற்றி என்னிடம் கேட்டது உங்கள் தப்பு. ஸ்டான்ஃபோர்டையும் விடுங்கள். ஜான் டோர் தம்பதியின் அந்தப் பணத்தில் தொடங்கிய சுற்றுச்சூழல் கல்விப் பிரிவிலேயே, எண்ணெய்க் கம்பெனிகளிடம் காசு வாங்கலாமா என்று மாணவர்கள் சண்டை பிடித்தார்கள். அது அவர்கள் பாடு.

நான் பதில் எழுதுவதற்குக் காரணம் ஒரு சிமெண்ட் குழாய். போன வாரம் தர்மபுரிப் பக்கம் எங்கள் ஊர் வீட்டின் பின்கட்டை இடித்தபோது கிடைத்தது. எனக்குப் பத்து வயது இருக்கும்போது ஒரு கல்லூரியிலிருந்து வந்தவர்கள் புகையில்லா அடுப்பு கட்டிக் கொடுத்தார்கள், அதன் புகைக்குழாய் இது. தண்ணீரைக் கொதிக்கவைத்து, கடிகாரம் பார்த்து, விறகை எடை போட்டுக் காட்டினார்கள். விறகு பாதிதான் செலவானது. அம்மாவுக்கும் சந்தோஷம்தான்.

ஒரு மாதம்கூடத் தாங்கவில்லை. எங்கள் வீட்டில் தினமும் கேழ்வரகுக் களி. மாவு இறுகும்போது துடுப்பை இரண்டு கையாலும் பிடித்து, உடம்பு எடையெல்லாம் போட்டுக் கிண்ட வேண்டும். புது அடுப்பின் வாயில் பானை ஆடியது. இரண்டாம் முறை பானை சாய்ந்து அம்மாவின் புறங்கை வெந்தபோது, கடப்பாரையை எடுத்து அவரே அடுப்பை இடித்துவிட்டார். குழாய் மட்டும் குளியலறைத் தண்ணீர் வெளியே போக உதவியது. வந்தவர்கள் யாருக்கும் களி கிண்டத் தெரியாது. கிண்டுகிறவளைக் கேட்கவும் தோன்றவில்லை.

இதை நினைக்கும்போதெல்லாம் அமுல்ய ரெட்டி ஞாபகம் வருவார். உங்களைப் போல வேதியியல்காரர். மின்வேதியியலில் 1970லேயே பாடநூல் எழுதிப் பேர் வாங்கியவர். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில், சதீஷ் தவான் இயக்குநராக இருந்த காலத்தில், 1974இல் 'அஸ்த்ரா' என்ற கிராமத் தொழில்நுட்ப மையத்தைத் தொடங்கினார். அவர்கள் செய்த முதல் காரியங்களில் ஒன்று, தும்கூர் மாவட்டத்துக் கிராமங்களில் யார் எவ்வளவு விறகு சுமக்கிறார்கள், எத்தனை மணி நேரம் என்று கணக்கெடுத்தது. ஆண்களைவிடப் பெண்கள் அதிகம் உழைக்கிறார்கள் என்பது தாளில் வந்தது. (எங்கள் தெருவில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். ஆனாலும் தாளில் வர வேண்டும்.)

அப்புறம் புரா என்ற ஊரில் சமையலுக்காகச் சாண எரிவாயுக் கலன் கட்டினார்கள். தோற்றுப்போனது. எல்லா அடுப்புக்கும் போதுமான சாணம் இல்லை. நம்மூராக இருந்தால் அறிக்கை அச்சிட்டு, குழு புகைப்படம் எடுத்துக்கொண்டு கிளம்பியிருப்பார்கள். இவர்கள் இருந்தார்கள். ஊர்க்காரர்களுக்கு வேண்டியிருந்தது வீட்டருகே குடிதண்ணீர். அதே வாயுவை டீசலோடு கலந்து எஞ்சினில் ஓட்டி, மின்சாரம் எடுத்து, தண்ணீர் இறைத்தார்கள், விளக்கும் எரிந்தது. சாணம் கொண்டுவந்தவர்களுக்குக் காசு கொடுத்தார்கள், கலனிலிருந்து வந்த கரைசலை எருவாகத் திருப்பியும் கொடுத்தார்கள். 1970களில் ஆரம்பித்தது, எஞ்சின் ஓடியபோது 1987. கவனித்தீர்களா? உங்கள் மையத்தின் திட்ட அறிக்கையில் எத்தனை ஆண்டு போட்டிருக்கிறது? மூன்றா?

பணம் வேண்டாம் என்று சொல்லவில்லை. நன்றாகக் கேளுங்கள், நிறையக் கேளுங்கள். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது? நான் பேசப் போன ஒரு பல்கலைக்கழகத்தில் பல்துறை மையத்துக்கு நாலு மாடி. தரைத்தளம் வேதியியல், முதல் மாடி இயந்திரவியல், அதற்கு மேல் உயிரியல், உச்சியில் பொருளாதாரம். நாலுக்கும் நாலு பூட்டு, நாலு தேநீர்க் கெட்டில். படிக்கட்டில் சந்தித்தால் வணக்கம் வைத்துக்கொள்கிறார்கள். லிஃப்ட் வந்த பிறகு அதுவும் இல்லையாம். கட்டடத்துக்குத் திறப்பு விழா உண்டு, கல்வெட்டில் பேர் உண்டு. ஒரே ஊருக்குப் பத்து வருஷம் போய்வர டீசலுக்கும், அங்கேயே தங்கிச் சாணம் எடை போடும் பையனின் சம்பளத்துக்கும் யார் கல்வெட்டு வைப்பார்கள்?

கோபம் உங்கள் மேல் இல்லை. உங்கள் துறைத் தலைவர் மேல் கொஞ்சம் உண்டு. சேற்றில் கால் வைக்காமல் சுற்றுச்சூழலில் என்ன ஆய்வு செய்வதாம்?

சரி, சேருங்கள். கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒன்றை மட்டும் கேளுங்கள்: முதல் திட்டம் தோற்றால் இரண்டாவது முறை அதே ஊருக்குப் போகப் பணம் இருக்கிறதா?

குழாயை என்ன செய்வது என்று கொத்தனார் இரண்டு நாளாகக் கேட்கிறார். வேண்டுமென்றால் வந்து எடுத்துப்போங்கள். உங்கள் மையத்தின் வாசலில் நட்டு வைக்கலாம்.