வலப்பக்கம் வளையாத குதிரை: தலையை இழுத்துக் கட்டாதீர்கள்

மார்த்தாண்டத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ரேஸில் ஓடிய ஒன்பது வயதுக் குதிரையை வாங்கினேன். இடப்பக்கம் நன்றாகத் திரும்புகிறது. வலப்பக்கம் திருப்பினால் மரக்கட்டையாக விறைக்கிறது. டிரெஸ்ஸாஜ் (குதிரையை இளக்கி, சொன்னபடி நடக்கப் பழக்கும் முறை) படித்தால் சரியாகுமா? பழக்குகிறவர் தலையை நெஞ்சோடு இழுத்துக் கட்டச் சொல்கிறார்."

கட்டவே கட்டாதீர்கள். கட்டினால் கழுத்து மடங்கும், முதுகு இன்னும் இறுகும். பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். கடிவாளத்தை இன்னும் கடுமையானதாக மாற்றச் சொன்னாலும் அதே பதில்தான்.

டிரெஸ்ஸாஜ் உதவும். ஆனால் முதலில் வலி இருக்கிறதா என்று பாருங்கள். கெட்டியான தரையில் ஒருவர் குதிரையைப் பிடித்துக்கொண்டு நேராக ஓடட்டும், நீங்கள் எதிரே நின்று தலையைக் கவனியுங்கள். வலிக்கிற முன்கால் தரையில் படும்போது தலை மேலே தூக்கும். பல்லையும் பார்க்கச் சொல்லுங்கள். ஓரம் கூர்மையாகிக் கன்னத்தைக் குத்தினால் எந்தக் குதிரையும் கடிவாளத்தோடு மல்லுக்கட்டும். ஆண்டுக்கு ஒருமுறையாவது பல்லை ராவ வேண்டும்.

வாங்கிய அன்று மட்டும் நன்றாகத் திரும்பியதா? அப்படியானால் எனக்குச் சந்தேகம் வருகிறது. விற்பதற்கு முன் ஃபினைல்பியூட்டசோன் போன்ற வலிமருந்தைக் கொடுத்து நொண்டலை மறைக்கும் தரகர்கள் இருக்கிறார்கள். மருந்து இறங்கியதும் வலி திரும்பிவிடும். "இன்றைக்கே முடிச்சிடுங்க, வேற ஆள் வர்றாங்க" என்று அவசரப்படுத்துகிறவரிடம் வாங்காதீர்கள். அடுத்த முறை ஒரு வாரம் விட்டு, சொல்லாமல் போய் இன்னொரு தடவை பாருங்கள்.

டாக்டரிடம் காட்டுவதுதான் நம் பக்கம் பெரும்பாடு. ஆடு, மாடு பார்க்கிற இடத்தில் குதிரையைக் கொண்டு நிறுத்தினால் திருநெல்வேலி ராமையன்பட்டிக் கால்நடை மருத்துவக் கல்லூரிக்குப் போகச் சொல்கிறார்கள். கால் வலிக்கிற குதிரையை லாரியில் ஏற்றி ஆரல்வாய்மொழி தாண்டிக் கொண்டுபோக வேண்டுமாம்! பல் ராவுகிற அரமும் அதைப் பிடிக்கத் தெரிந்த ஒருவரும் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கக் கூடாதா?

வலி இல்லையென்றால், சரி, பயிற்சிக்கு வருவோம். வலப்பக்கம் வளையவில்லை என்றால் பெரும்பாலும் இடப்பக்கத் தசை நீளவில்லை என்று பொருள். வலது லகானை இழுத்து அதை நீட்ட முடியாது. ஒரு முளை அடித்து, 10 மீட்டர் தும்புக்கயிறு கட்டிச் சுற்றிக் கோடு போடுங்கள். 20 மீட்டர் வட்டம் கிடைக்கும். அதில் நடையில் வலம் வாருங்கள். வலது காலால் வயிற்றுவாரை ஒட்டி மெல்ல அழுத்துங்கள், இடது லகானைச் சீராகப் பிடியுங்கள், வலது லகானைக் குதிரை ஓரடி எடுத்து வைக்கும் நேரத்துக்குத் தளர்த்திவிட்டு மீண்டும் எடுங்கள். குதிரையின் வலது கண் ஓரம் மட்டும் தெரிந்தால் போதும். முழுக் கண்ணும் தெரிந்தால் அதிகம் இழுக்கிறீர்கள். கழுத்தைத் தாழ்த்தி மூக்கால் புஸ்ஸென்று ஊதினால் முதுகு இளகுகிறது. அங்கேயே நிறுத்திப் பாராட்டுங்கள். தென்னந்தோப்பில் 25 அடி இடைவெளி இருந்தால் நடையில் மரங்களைச் சுற்றிச் சுற்றி வருவதும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு விதிவிலக்கு. மூட்டுத் தேய்ந்த குதிரை ஆரம்பத்தில் விறைப்பாகவே இருக்கும். 15 நிமிடம் நடந்தபின் இளகும். அதற்கு நீண்ட நடை நல்லது, சிறிய வட்டம் கூடாது. ஆனால் நடக்க நடக்க விறைப்பு கூடினால் அது பழக்கக் குறை இல்லை, வலி. காலையில் இளகி மாலையில் இறுகினாலும் அப்படித்தான். மறுநாள் இன்னும் மோசமானாலும் அப்படித்தான். பழக்குகிறவர் "சோம்பேறிக் குதிரை" என்பார், கேட்காமல் இறங்கிவிடுங்கள்.

பக்கத்தில் டிரெஸ்ஸாஜ் ஆசிரியர் இல்லாவிட்டால், நீங்கள் ஓட்டுவதைப் பின்னாலிருந்து யாரையாவது படம் எடுக்கச் சொல்லி, வெளியூர் ஆசிரியர் ஒருவருக்கு அனுப்புங்கள். உங்கள் இடுப்பு எந்தப் பக்கம் சாய்கிறது என்று முதலில் கேளுங்கள். குதிரையைப் பற்றி அப்புறம் கேட்கலாம்.