நாள் தள்ளுகிறது, தூக்கம் இல்லை, டாக்டர் ஒன்றுமில்லை என்கிறார்: கேள்வி பதில்

டெல்டாவில் அரசு மருத்துவமனைகளில் 31 வருஷம் ஸ்டாஃப் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். அதில் பாதிக்கு மேல் பிரசவ வார்டிலும் மகளிர் ஓ.பி.யிலும் போனது. மாதவிலக்கு நிற்பதற்கு முந்தைய வருஷங்களின் தடுமாற்றம் 43 வயதில் எனக்கே ஆரம்பித்தபோது ஒரு டாக்டர் முகத்தை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "வீட்ல ஏதாவது பிரச்சனையா சிஸ்டர்?" என்று கேட்டுத் தூக்க மாத்திரை எழுதினார். ஆறு மாதம் அதைத்தான் சாப்பிட்டேன். அதனால்தான் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்ல உட்கார்ந்தேன். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுத மாட்டேன். எதைக் கவனிக்க வேண்டும், டாக்டரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

அக்கா, வயது 42, மன்னார்குடி. ஒன்றரை வருஷமாக ஒரு மாதம் 23 நாளில் வருகிறது, அடுத்தது 36 நாள் ஆகிறது. விடியற்காலை 3 மணிக்கு விழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை. சின்ன விஷயத்துக்கெல்லாம் அழுகை வருகிறது. டாக்டர் "டென்ஷனைக் குறைங்கம்மா" என்று அனுப்பிவிட்டார். 42க்கு இது சீக்கிரம் இல்லையா?

சீக்கிரம் இல்லை. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிலக்கு முழுவதும் நிற்கும், அதாவது மெனோபாஸ் வரும் சராசரி வயதே 46, 47தான். மேலை நாடுகளில் 51. நிற்பதற்கு முன்னால் நாலைந்து வருஷம், சிலருக்கு எட்டு வருஷம்கூட உடம்பு தடுமாறும், அதைத்தான் பெரிமெனோபாஸ் என்கிறார்கள். 46லிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், 40ஐ ஒட்டி ஆரம்பிப்பதில் ஆச்சரியமே இல்லை.

ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் 7 நாளோ அதற்கு மேலோ வித்தியாசம் வந்து, அது மறுபடி மறுபடி நடந்தால் ஆரம்பக் கட்டம் என்று 2011ல் உலக அளவில் நிபுணர்கள் கூடி வகுத்த கணக்கு சொல்கிறது. 60 நாள், அதற்கு மேல் என்று வராமலே இருக்கத் தொடங்கினால் கடைசிக் கட்டம். உங்களுக்கு 23க்கும் 36க்கும் 13 நாள் வித்தியாசம். உடம்பு தீப்பிடித்த மாதிரி எரிந்தால்தான் மெனோபாஸ் என்று நம்மூரில் நினைக்கிறோம். அந்தச் சூடு பலருக்குப் பின்னால்தான் வரும், சிலருக்கு வராமலே போகும். முதலில் கெடுவது பெரும்பாலும் தூக்கமும் மனசும்தான்.

ஆனால் தைராய்டு கெட்டாலும், ரத்தம் குறைந்தாலும் இதே மாதிரிதான் இருக்கும். 2019-21ல் எடுத்த தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதனால் டி.எஸ்.எச். என்ற தைராய்டு டெஸ்ட், ஹீமோகுளோபின், சர்க்கரை மூன்றும் பார்க்காமல் யாரும் உங்களை டென்ஷன் என்றோ பெரிமெனோபாஸ் என்றோ சொல்லி அனுப்பக் கூடாது.

இப்போது டாக்டர் விஷயம். பால் கணக்கு எழுதுவோமே, அந்த மாதக் காலண்டரிலேயே எழுதுங்கள். வந்த நாளுக்கு ஒரு வட்டம், எத்தனை நாள் போனது, எத்தனை நாப்கின், தூங்காத ராத்திரிக்கு "தூ", வேர்த்த ராத்திரிக்கு "வே". மூன்று மாதத் தாளைக் கிழித்துக் கையோடு கொண்டு போங்கள். ஓ.பி.யில் உங்களுக்குக் கிடைப்பது மூன்று நிமிஷம், அதில் "ஒரே அசதியா இருக்கு டாக்டர், என்னமோ மாதிரி இருக்கு" என்று ஆரம்பித்தால் அந்த மூன்று நிமிஷமும் போய்விடும், ஏனென்றால் அன்றைக்கு வந்த நூறு பேரும் அதைத்தான் சொல்லியிருப்பார்கள். "கடைசி நாலு சுற்று 23, 36, 25, 38 நாள் டாக்டர். மாசத்துல 15 ராத்திரி தூங்கல. பெரிமெனோபாஸா இருக்குமா?" என்று அந்த வார்த்தையை நீங்களே சொல்லுங்கள். "வயசுதான்" என்று பதில் வந்தால், "வேற எதுவும் இல்லைன்னு டெஸ்ட்ல பாத்துடலாமா டாக்டர்?" என்று கேளுங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் சொன்னதையெல்லாம் ஓ.பி. சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். பேனா கையில் வந்தால் கவனமும் வந்துவிடும், எத்தனையோ முறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர், திருத்துறைப்பூண்டி பக்கம். அம்மாவுக்கு 45 வயது, நடவு, களை பறிப்பு வேலைக்குப் போகிறவர். ஆறு மாதமாகப் பத்து நாள் வரை போகிறது, கட்டி கட்டியாக வருகிறது. வயலில் மாற்றக்கூட இடம் இல்லை என்று இரண்டு துணி சேர்த்துக் கட்டிக்கொண்டு போகிறார். ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்கேன் பார்த்து, சின்னக் கட்டி இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம், இனி அது எதற்கு என்கிறார்கள்.

இந்தக் கேள்வியைப் படித்ததும் எத்தனையோ முகங்கள் நினைவுக்கு வந்தன. "பிள்ளை பெத்தாச்சு, இனி அது எதுக்கு" என்ற வாக்கியத்தை வைத்தே எத்தனை பேரை மேஜையில் படுக்க வைத்திருக்கிறார்கள்! தேவையில்லாத கர்ப்பப்பை அறுவை சிகிச்சையைத் தடுக்கும் மத்திய அரசின் வழிகாட்டுதலை மாநிலங்கள் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று 2023ல் உச்ச நீதிமன்றமே உத்தரவு போட்டிருக்கிறது.

ஏன் இப்படிப் போகிறது என்றால், இந்த வயதில் சில மாதம் கருமுட்டை வெளியே வராது. முட்டை வராத மாதத்தில் புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் சுரக்காது, ஈஸ்ட்ரோஜென் என்ற இன்னொரு ஹார்மோன் மட்டும் கர்ப்பப்பையின் உள்சுவரைத் தடிமனாக வளர்த்துக்கொண்டே போகும், பிறகு அது மொத்தமாக இடிந்து விழும். நாள் தள்ளிப் போய், வரும்போது கொட்டுவது இதனால்தான். மணிக்கு ஒரு நாப்கின் நனைந்தாலோ, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டி விழுந்தாலோ, 7 நாளைத் தாண்டினாலோ அது அதிகப் போக்கு.

அம்மாவுக்கு முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள், இந்த வாரமே. கர்ப்பம் இல்லை என்பதையும், தைராய்டையும் பார்க்க வேண்டும். 45 வயது என்பதால் கர்ப்பப்பையின் உள்சுவரில் துளி சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள், புற்றுநோய் இல்லை என்று உறுதியாகத் தெரிவது அதில்தான். அது சரியாக இருந்தால் வழிகள் உண்டு. போக்கு இருக்கும் நாட்களில் மட்டும் சாப்பிடும் டிரானெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை, புரொஜெஸ்டிரோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் 'ஹார்மோன் காயில்' என்ற சிறு கருவி. இந்தக் கருவி காப்பர் டி அல்ல. காப்பர் டி போக்கை அதிகமாக்கும், ஹார்மோன் காயில் பல வருஷத்துக்குக் குறைக்கும். சின்ன நார்க்கட்டி பாதிப் பேருக்கு மேல் இருக்கும், மெனோபாஸுக்குப் பிறகு பெரும்பாலும் தானே சுருங்கும். இதெல்லாம் பார்த்தும் நிற்கவில்லை, கட்டி பெரிது, பரிசோதனையில் கோளாறு என்றால் எடுக்கத்தான் வேண்டும், அப்போது தயங்கக் கூடாது. எடுத்தாலும் சினைப்பைகளையும் சேர்த்து எடுக்கிறார்களா, ஏன் என்று கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். அவற்றையும் எடுத்தால் மறுநாளே மெனோபாஸ், எலும்பும் இதயமும் சேர்ந்து அடி வாங்கும். இரண்டாவது கருத்துக்குத் தஞ்சாவூர் ராஜா மிராசுதார் மருத்துவமனைக்குப் போங்கள், திருவாரூர் மருத்துவக் கல்லூரி பக்கமென்றால் அங்கே போங்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.

43 வயது, பாபநாசம். சினைப்பையைத் தூண்டும் ஹார்மோனை அளக்கும் எஃப்.எஸ்.எச். டெஸ்ட் நார்மல் என்று வந்துவிட்டது. அதனால் உனக்கு ஒன்றும் இல்லை என்கிறார்கள். எனக்குத்தான் இருக்கிறதே!

ஒரே ஒரு நாள் மதகில் நின்று பார்த்துவிட்டு இந்த வருஷம் தண்ணீர் எப்படி என்று சொல்ல முடியுமா? முறை வைத்து விடும் வாய்க்கால் மாதிரி இந்தக் காலத்தில் ஹார்மோன் இன்று வரும், நாளை வராது. எஃப்.எஸ்.எச். இந்த வாரம் நார்மல், அடுத்த வாரம் ஏறியிருக்கும். 45க்கு மேல் இருப்பவருக்கு அறிகுறியை வைத்தே முடிவு செய்யுங்கள், இந்த டெஸ்டே வேண்டாம் என்று பிரிட்டனில் நைஸ் என்ற சுகாதார அமைப்பின் வழிகாட்டுதல் 2015லேயே சொல்லிவிட்டது. 40லிருந்து 45க்குள் எடுக்கலாம், ஆனால் நார்மல் என்று வந்தால் அதை வைத்து உங்களுக்கு ஒன்றும் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

உடம்புச் சூடுதான், மோர் குடி, வெந்தயம் முழுங்கு என்கிறார் மாமியார். (44, வலங்கைமான்)

மோர் நல்லது, குடியுங்கள். வெந்தயமும் கெடுதல் இல்லை. ஆனால் சித்திரை வெயில் உள்ளே இருந்து வராது. மார்கழிப் பனியிலும் திடீரென்று மார்பிலிருந்து முகம் வரை சூடு ஏறி, வேர்த்து, சில நிமிஷத்தில் குளிர் எடுத்தால் அது ஹார்மோன்.

36 வயது, கும்பகோணம். 5 மாதமாக வரவில்லை. முழுகாமலும் இல்லை, இரண்டு முறை டெஸ்ட் செய்துவிட்டேன். "விட்டதடி தொல்லை" என்று இருக்கிறேன். இருக்கலாமா?

இருக்கக் கூடாது. இன்று கேட்ட கேள்விகளில் எனக்குப் பயம் தந்தது இதுதான். 40க்கு முன்னால் நிற்பதைப் பெரிமெனோபாஸ் என்று விட்டுவிட முடியாது, சினைப்பை முன்கூட்டியே ஓய்ந்துபோகும் தனிக் குறைபாடாக இருக்கலாம். நூறு பெண்களில் ஒருவருக்காவது இது வருகிறது. எஃப்.எஸ்.எச். டெஸ்ட் உண்மையில் தேவைப்படுவது உங்களுக்குத்தான், சந்தேகம் என்றால் 4 முதல் 6 வாரம் கழித்து மறுபடி எடுப்பார்கள். கூடவே தைராய்டு, பால் சுரக்க வைக்கும் ஹார்மோனான புரொலாக்டின், ஸ்கேன். அதுதான் என்று உறுதியானால் மாதவிலக்கு இயல்பாக நிற்கும் வயது வரையாவது ஹார்மோன் எடுக்கச் சொல்வார்கள். எடுக்காவிட்டால் எலும்பு வயதுக்கு முன்பே வலுவிழந்துவிடும். தொல்லை விட்டது என்று சந்தோஷமாக இருந்தவர்கள் தடுக்கி விழுந்து இடுப்பெலும்பு உடைந்து வந்ததைப் பார்த்திருக்கிறேன். இந்த வாரம் போங்கள்.

அக்கா, நான் கணவர் எழுதுகிறேன், சீர்காழி. மனைவிக்கு 46. ராத்திரி நைட்டி நனைகிற அளவுக்கு வேர்வை, பகலில் எரிச்சல், பிள்ளைகளிடம் கத்திவிட்டு அழுகிறாள். டாக்டரிடம் அழைத்துப் போனால் வாயே திறப்பதில்லை, நான்தான் எல்லாம் சொல்கிறேன்.

தம்பி, கேட்டதே நல்ல மனசு. அடுத்த முறை நீங்கள் வெளியே பெஞ்சில் உட்காருங்கள். நீங்கள் பேசப் பேச டாக்டர் உங்களிடம்தான் பேசுவார், உங்கள் மனைவி அங்கே ஒரு ரிப்போர்ட் மாதிரி உட்கார்ந்திருப்பார். எரிச்சல் என்று நீங்கள் சொன்னால் குடும்பச் சண்டையாகக் கேட்கும், அவரே "என்னை அறியாம கத்திடறேன் டாக்டர், அப்புறம் எனக்கே தாங்கல" என்று சொன்னால் அது நோய்க்குறியாகக் கேட்கும். உங்களை வைத்துக்கொண்டு சொல்ல முடியாத சங்கதிகளும் இருக்கும், உறவில் வலி, சிரித்தால் சொட்டுச் சொட்டாக நீர் பிரிவது. அதெல்லாம் சேர்ந்ததுதான் இது.

இரண்டு விஷயம். ராத்திரி வேர்வையோடு எடை குறைந்து, சாயங்காலக் காய்ச்சல், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் காசநோய்க்குச் சளிப் பரிசோதனை முதலில். அப்புறம், இந்த வருஷங்களில் மனச்சோர்வு உண்மையாகவே அதிகம் வரும். "இருந்து என்ன ஆகப்போகுது" என்ற மாதிரி ஒரு வார்த்தை வந்தால்கூட லேசாக விடாதீர்கள், 14416க்கு அழையுங்கள், டெலிமனஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது, தமிழில் பேசுவார்கள்.

52 வயது, நாகப்பட்டினம். நின்று ஒன்றரை வருஷம் ஆகிறது. போன வாரம் லேசாகப் பட்டது. உடம்பு தெம்பாக இருப்பதால் மறுபடி வருகிறது என்கிறார் நாத்தனார்.

இல்லை. 12 மாதம் முழுவதும் நின்றபின் ஒரு சொட்டுப் பட்டாலும் பரிசோதனை வேண்டும். பெரும்பாலும் உள்ளே காய்ந்து போனதால் இருக்கும், ஆனால் கர்ப்பப்பைப் புற்றுநோயின் முதல் அடையாளமும் இதுவே, ஆரம்பத்தில் பிடித்தால் குணமாகும். நாளைக்கே போங்கள்.

ஹார்மோன் மாத்திரை சாப்பிட்டால் மார்பகப் புற்றுநோய் வரும் என்கிறார்களே? (47, குத்தாலம்)

இந்தப் பயம் 2002ல் முடிவு வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்விலிருந்து வந்தது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. பின்னால் வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்தபோது 60 வயதுக்குள், அல்லது நின்று 10 வருஷத்துக்குள் ஆரம்பிக்கும் ஆரோக்கியமான பெண்களுக்குப் பொதுவாக நன்மைதான் அதிகம் என்று தெரிந்தது. ஈஸ்ட்ரோஜெனும் புரொஜெஸ்டிரோன் வகையும் சேர்ந்த கூட்டு ஹார்மோனைப் பல வருஷம் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு சிறிது கூடுகிறது, மறைக்கவில்லை. மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், ரத்தக்கட்டு, பக்கவாதம், கல்லீரல் நோய் உள்ளவர்கள், காரணம் தெரியாத போக்கு இருப்பவர்கள் எடுக்கக் கூடாது. கர்ப்பப்பை இருப்பவருக்கு ஈஸ்ட்ரோஜென் மட்டும் தனியாகத் தரக் கூடாது. எல்லாருக்கும் தேவையும் இல்லை. தூக்கம் கெட்டு வேலைக்கே போக முடியாதவர் பயத்தால் மட்டும் மறுப்பதுதான் எனக்கு வருத்தம்.

வறட்சிக்கு உள்ளே தடவும் ஈஸ்ட்ரியால் க்ரீம் உண்டு, உடம்பில் மிகக் குறைவாகவே சேரும். வெட்கப்பட்டுப் பத்து வருஷம் வலியோடு இருந்துவிட்டு என்னிடம் சொன்னவர்கள் இருக்கிறார்கள். லேடி டாக்டர் இல்லாத நாளென்றால் நர்ஸிடம் சொல்லுங்கள், நாங்கள் போய்ச் சொல்வோம்.

ராத்திரி நெஞ்சு திடும் திடும் என்று அடிக்கிறது. வாய்வு என்று ஓமத் தண்ணீர் குடிக்கிறேன். (48)

ஈ.சி.ஜி. எடுத்த பிறகு ஹார்மோன் என்று சொல்லிக்கொள்ளலாம். நெஞ்சு இறுக்கம், மூச்சுத் திணறல், தாடை அல்லது இடது கை வலி, குளிர்ந்த வேர்வை சேர்ந்து வந்தால் ஓமத் தண்ணீர் வேண்டாம், 108.

46 வயது. நாலு மாதமாக வரவில்லை. இனி கருத்தடை தேவையில்லைதானே?

தேவை. 50க்குள் நின்றால் கடைசியாக வந்ததிலிருந்து 2 வருஷம், 50க்கு மேல் என்றால் 1 வருஷம். 46ல் பிரசவ வார்டுக்கு வந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன்.

சிஸ்டர், திருத்துறைப்பூண்டிதான் மறுபடி. காலையில் உங்கள் பதிலைப் படித்ததும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் அம்மாவுக்கு ரத்தம் பார்த்தோம். ஹீமோகுளோபின் 7.4. நாளைக்கு நடவு இருக்கிறது, கூலி போய்விடும் என்று அழுகிறார்.

8க்குக் கீழே கடுமையான ரத்தசோகை. அம்மாவை நாளை வயலுக்கு அனுப்பாதீர்கள், குனிந்து எழும்போது மயங்கிச் சேற்றில் விழுந்தால் தூக்க ஆள் வேண்டும். காலையில் 7 மணிக்கே திருவாரூர் மருத்துவக் கல்லூரிக்குப் போய் ஓ.பி. சீட்டு வாங்குங்கள். "பத்து நாள் போகுது, கட்டி விழுது, ஹீமோகுளோபின் 7.4" என்று இந்த மூன்றையும் முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள். இதற்கு மாத்திரை மட்டும் போதாது, நரம்பு வழியாக இரும்புச்சத்து ஏற்றுவார்கள், தேவைப்பட்டால் ரத்தமும். மாத்திரை தந்தால் டீயோடு கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், மலம் கறுத்துப் போகும், பயப்பட வேண்டாம். இன்று ராத்திரிக்குள் போக்கு அதிகமானாலோ, நிற்கவே தள்ளாடினாலோ விடியக் காத்திருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். போய்விட்டு வந்து எனக்கு எழுதுங்கள், நான் பார்த்துக்கொண்டிருப்பேன்.