பெயர் மறக்கிறது என்று ஸ்கேனுக்கு ஓடாதீர்கள்

கேள்வி: எனக்கு 53 வயது. தண்டையார்பேட்டையில் வீடு, பாரிமுனையில் கணக்கு எழுதும் வேலை. சர்க்கரை, பிரஷர் எதுவும் இல்லை. வாயுத் தொல்லைக்குத் தினமும் காலையிலும், தூசி ஒவ்வாமைக்கு இரவிலும் பல வருடமாக மாத்திரை போடுகிறேன். ஆறு மாதமாகப் பழகியவர்களின் பெயரே வாயில் வருவதில்லை. மெட்ரோ ஸ்டேஷனில் வண்டியை எங்கே விட்டேன் என்று தேடுகிறேன். மனைவியோ, "நீங்க எப்பவும் இப்படித்தானே" என்கிறார். தெரிந்த ஒருவர் தள்ளுபடியில் மூளை ஸ்கேன் எடுத்துத் தருவதாகச் சொல்கிறார். எடுக்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். அந்தத் தெரிந்தவருக்கு ஆள் அனுப்பினால் கமிஷன் உண்டா என்று முதலில் கேளுங்கள். ராயபுரம், திருவொற்றியூர் பக்கமிருந்து என்னிடம் வருகிறவர்களில் பலர் கையில் ஸ்கேன் கவரோடுதான் வருகிறார்கள். "மூளை லேசாகச் சுருங்கியிருக்கிறது" என்று அதில் ஒரு வரி இருக்கும். ஐம்பதைத் தாண்டிய பலருக்கு வயதின் காரணமாகவே அப்படி இருக்கும். அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத் தூக்கத்தைத் தொலைத்தவர்களை நான் நிறையப் பார்த்துவிட்டேன். தூக்கம் போனால் ஞாபகமும் போகும். அப்புறம் அதே தரகர் நினைவாற்றல் பவுடர் டப்பாவோடு வருவார். வல்லாரைக் கீரையைத் துவையல் அரைத்துச் சாப்பிடுங்கள், தப்பில்லை. டப்பாவுக்குப் பணம் கொடுக்காதீர்கள்.

எனக்குச் சந்தேகம் உங்கள் மாத்திரைகள் மேல்தான். ஒவ்வாமைக்கான பழைய வகை மாத்திரைகள், அவில் போன்றவை, மூளையை மந்தமாக்கும். வயிற்று அமிலத்தைக் குறைக்கும் வகை வாயு மாத்திரையை வருடக்கணக்கில் போட்டால் பி12 சத்து உடம்பில் சேர்வது குறையலாம். அது குறைந்தால் மறதி வரும். நீங்களாக நிறுத்த வேண்டாம், மாத்திரை அட்டைகளை டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே பி12, தைராய்டு ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். குறட்டை, மனச்சோர்வு இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்களைப்போலத் தன் மறதியைத் தானே பட்டியல் போட்டுச் சொல்கிறவர்களில் பெரும்பாலோர் அல்சைமர் என்ற மறதி நோய் வரை போவதில்லை. எனக்குக் கவலை தருவது இதற்கு நேர் எதிரான ஆள். அவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார், வீட்டில் இருப்பவர்கள் கண்கலங்குவார்கள். காசிமேட்டு மீன் வியாபாரி ஒருவரை அவருடைய மகள் அழைத்து வந்தார். அப்பா ஒரே ஆளுக்கு இரண்டு முறை பணம் கொடுத்திருக்கிறார், கேட்டால் சண்டை. வண்டியை எந்த வரிசையில் விட்டோம் என்று மறப்பது கவனக் குறைவு. ஸ்டேஷனிலிருந்து சொந்தத் தெருவுக்கு வழி தெரியாமல் நிற்பது நோயின் அறிகுறி. சமைத்ததை மறந்து மறுபடி உலை வைப்பது, கேட்டதையே பத்து நிமிடத்தில் திரும்பக் கேட்பது, இவற்றை வீட்டார் கவனித்தால் ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாது. அப்போது ஸ்கேனும் தேவைப்படும், அதை டாக்டர் எழுதித் தரட்டும். உங்கள் மனைவி புதிதாக ஒரு மாற்றமும் சொல்லவில்லை. எனக்கு அது பெரிய ஆறுதல்.

ஞாபகத்தை ஒழுங்காகச் சோதிக்க, நோயாளியோடு அரை மணி நேரமாவது உட்கார்ந்து பேச வேண்டும். நம் ஊரில் அதற்கு யார் நேரம் ஒதுக்குகிறார்கள்? மெஷினுக்கு மட்டும் உடனே தேதி கிடைக்கிறது. அந்த இடைவெளியில்தான் தரகர் பிழைக்கிறார். எனக்கு இதில் கோபம்தான் வருகிறது.

ரத்தப் பரிசோதனை முடிவோடும் மாத்திரை அட்டைகளோடும் ஸ்டான்லி மருத்துவமனைக்குக் காலையிலேயே போய்விடுங்கள். மனைவியையும் அழைத்துப் போங்கள், அவர் சொல்வதையும் டாக்டர் கேட்க வேண்டும். ஸ்கேனுக்கு முன்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.