செரிமான என்சைம் பாட்டில் வாங்குறதுக்கு முன்னாடி பின்பக்கத்தைப் படிங்க: கேள்வி-பதில்

கேள்வி: நாள்பட்ட கணைய அழற்சி இருக்கு. டாக்டர் எழுதின கேப்சூல் விலை ஜாஸ்தின்னு ஆன்லைன்ல "18 வகை என்சைம், முழுக்க தாவரம்"னு ஒரு பாட்டில் வாங்கிப் போட்டேன். மலம் எண்ணெயா மிதக்குறது நிக்கல, எடையும் இறங்கிட்டே போகுது. ஏமாந்துட்டேனா?

பதில்: ஆமாங்க, ஏமாத்திட்டாங்க. இதுல உங்களைத் திட்ட எனக்கு மனசு வரல, ஏன்னா அந்த லேபிளே ஏமாத்துறதுக்குன்னு எழுதினது. கணையம் கெட்டா மொதல்ல அடி வாங்குறது கொழுப்பு செரிமானம், அதுக்கு வேண்டியது லைபேஸ்ங்கற என்சைம், மீதி 17 என்னவா இருந்தா உங்களுக்கென்ன? பெரியவங்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000லேர்ந்து 50,000 யூனிட் லைபேஸ்ல தான் பொதுவா ஆரம்பிப்பாங்க, நடுவுல கொறிக்கிறதுக்கு அதுல பாதி. இந்த மாதிரி பாட்டில் நிறையதுல பின்பக்கம் தேடினா சில ஆயிரம் கூட வராது, இல்லன்னா யூனிட்டே வேற கணக்குல போட்டிருப்பான், அதை டாக்டர் சீட்டோட ஒப்பிடவே முடியாது. அதைவிட மோசம் "என்சைம் கலவை, இத்தனை மில்லிகிராம்"னு மட்டும் போடுறது. மில்லிகிராம் பொடியோட எடை சார், அது எவ்வளவு கொழுப்பை உடைக்கும்னு அதுல தெரியாது. நானும் வயிறு உப்புசத்துக்குன்னு இப்படி ஒண்ணு வாங்கினேன், காசு போனது தான் மிச்சம், ஆனா எனக்கு கணையம் நல்லா இருந்துச்சு, உங்களுக்கு அப்படி இல்லையே.

டாக்டர் எழுதினது பெரும்பாலும் பன்றிக் கணையத்துலேர்ந்து எடுக்குற, லைபேஸ் உள்ள பேன்க்ரியாட்டின்ங்கற என்சைம். அந்த லைபேஸை வயித்து அமிலம் அழிச்சிடும்ங்கறதால தான் குட்டிக் குட்டி உருண்டையாக்கி மேல ஒரு பூச்சு குடுக்குறாங்க, சிறுகுடலுக்குப் போனப்புறம் தான் கரையும். விலை அதுக்கும் சேர்த்துத் தான். இன்னொண்ணு, டாக்டர் சீட்டுக்கு விக்கிற கணைய என்சைம்லயே ஒரு காலத்துல வீரியம் கம்பெனிக்குக் கம்பெனி மாறிட்டு இருந்ததால, அமெரிக்காவோட மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2004ல எல்லா கம்பெனியும் முறையா அனுமதி வாங்கணும்னு சொல்லி, கடைசியா 2010 ஏப்ரலைக் கெடுவா வெச்சுச்சு. மருந்துக்கே அந்த கதின்னா சப்ளிமெண்ட் பாட்டிலை யார் அளந்து பாத்தா? பாட்டிலை மூடி வெச்சிட்டு டாக்டர்ட்ட போங்க, எடை இறங்குறதைச் சொல்லுங்க, ஏ, டி, ஈ, கே வைட்டமினும் குறைஞ்சிருக்கான்னு பாக்கச் சொல்லுங்க. விலை கட்டுப்படியாகலங்கறதையும் கூச்சப்படாம சொல்லுங்க, வேற பிராண்ட் இருந்தா அவரே மாத்தித் தருவார்.

கேள்வி: கேப்சூல் பெருசா இருக்கு, கடிச்சு முழுங்கலாமா?

பதில்: கூடாது. வேணும்னா திறந்து, உள்ள இருக்குற உருண்டையை ஆறின, லேசா புளிப்பான பழக்கூழ்ல கலந்து மெல்லாம உடனே முழுங்கிட்டு தண்ணி குடிங்க.

கேள்வி: டாக்டர் எழுதின அதே கேப்சூல் தான். சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சு, சூடா டீயோட போடுறேன். ஒண்ணும் கேக்கல. போலியா இருக்குமோ, ரீஃபண்ட் கேக்கலாமா?

பதில்: உள்ள இருக்குற சீட்டைப் படிச்சீங்களா? படிக்கல. சாப்பாடு இறங்கிப் போனப்புறம் என்சைம் போய் யாரைத் தேடும்? மொதல் வாயோட ஒண்ணு, நிறைய இருந்தா மீதியை சாப்பாட்டுக்கு நடுவுல, தண்ணியோட. சூட்டுல என்சைம் கெட்டுடும், டீ வேணாம். ரீஃபண்ட் எல்லாம் அப்புறம், மொதல்ல ஒழுங்கா போட்டுப் பாருங்க.

கேள்வி: ஆஃபர்ல ஒரு வருஷத்துக்கு வாங்கிட்டேன், காருக்குள்ள வெச்சிருக்கேன். இப்ப டாக்டர் டோஸை மாத்திட்டார்.

பதில்: டோஸ் செட் ஆகுறதுக்கு முன்னாடி ஒரு வருஷத்துக்கு வாங்கச் சொன்னது யாரு? நிறைய பிராண்ட்ல 25 டிகிரிக்குக் கீழ வைங்கன்னு அட்டையிலயே இருக்கும், வெயில்ல நிக்கிற காரு அதுக்கு மேல எங்கயோ போயிடும். அதுல வீரியம் இருக்கும்னு நம்பிப் போடாதீங்க.

கேள்வி: கணைய அழற்சிக்குன்னு காசு கட்டி ஒரு டயட் பிளான் வாங்கினேன். கொழுப்பு சுத்தமா கூடாது, நார்ச்சத்து நிறைய சாப்பிடணும்னு இருக்கு. எழுந்து நடக்கவே தெம்பில்ல.

பதில்: பாவம், உங்க காசையும் வாங்கிட்டு பட்டினியும் போட்டிருக்காங்க. கொழுப்பை அடியோட நிறுத்துறது பழைய காலத்து அறிவுரை. நாள்பட்ட அழற்சில என்சைம் சரியான அளவுல போகும்போது சாதாரணமா கொழுப்பு சேத்துக்கலாம்னு தான் ஐரோப்பிய ஊட்டச்சத்து நிபுணர்களோட வழிகாட்டியும் சொல்லுது, அப்படியும் எண்ணெய் மலம் அடங்கலன்னா மட்டும் குறைக்கணும். நார்ச்சத்து ரொம்ப போனா என்சைம் வேலையையே கெடுக்கும். (ரத்தத்துல ட்ரைகிளிசரைடுங்கற கொழுப்பு எக்கச்சக்கமா ஏறி அதனால அழற்சி வந்தவங்க கதை வேற, அவங்க கொழுப்பைக் கட்டுப்படுத்தித் தான் ஆகணும்.) கொஞ்சம் கொஞ்சமா அஞ்சாறு வேளையா பிரிச்சு, புரதம் நல்லா சேத்து சாப்பிடுங்க. குடியும் சிகரெட்டும் கூடவே கூடாது. அந்த பிளான் உங்க ரிப்போர்ட்டைப் பாத்து எழுதினதான்னு கேளுங்க, இல்லன்னு வந்தா அதையே காட்டி காசைத் திருப்பிக் கேளுங்க.

கேள்வி: கணைய டீடாக்ஸ் பவுடர்?

பதில்: வேணாம்.

கேள்வி: என்சைம் போடும்போதே மல எலாஸ்டேஸ் டெஸ்ட் (கணையம் எவ்வளவு என்சைம் சுரக்குதுன்னு மலத்துல பாக்குறது) எடுக்கலாமா? லேப்ல நிறுத்திட்டு வரச் சொல்றாங்க.

பதில்: நிறுத்த வேணாம். மனுஷ எலாஸ்டேஸை மட்டும் பிடிக்கிற டெஸ்ட்டான்னு கேட்டுக்கோங்க, அப்படின்னா பன்றி என்சைம் அதுல தெரியாது. கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்குக் கீழ வந்தா கணையம் சுரக்கிறது குறைவு. ஆனா மலம் தண்ணியா போற அன்னிக்கு குடுக்காதீங்க, பொய்யா குறைச்சுக் காட்டும்.

கேள்வி: வலி வர்றப்ப கூட நாலு கேப்சூல் போட்டுக்கிறேன். இன்னும் வீரியமானது எது வாங்கலாம்?

பதில்: ஒண்ணும் வாங்காதீங்க. என்சைம் செரிமானத்துக்கு, வலி மாத்திரை இல்ல. ஒரு நாளைக்கு உடம்பு எடைல கிலோவுக்கு 10,000 யூனிட் லைபேஸ்ங்கறது உச்ச வரம்பு, அதுக்கு மேல போனா பெருங்குடல் பாதிக்கிற அபாயம் இருக்கு. மேல்வயித்துல வலி வந்து முதுகுக்குப் பாயுது, கூட வாந்தி, காய்ச்சல்னா கார்ட்ல எதையும் போடாம ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க.