எங்கே என்று சொல்லாத பிழை – கடிதம்

அன்புள்ள ஐயா,

எஃப். என். கோல் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர் 1903-இல், 2-இன் 67-ஆம் அடுக்கில் 1 குறைந்ததாகிய 147573952589676412927 என்ற எண்ணை 193707721 × 761838257287 என்று பிரித்துக் காட்டினாராம். என் மகன் அதைக் கணினியில் நொடிக்குள் பிரித்துவிட்டான். அப்படியென்றால் கோலின் உழைப்பு வீண்தானே? 67 பகா எண்ணாக இருந்தும் இது ஏன் பகு எண்ணானது? இலக்கங்களைக் கூட்டிக்கொண்டே போனால் 1 வருகிறது. அதற்குப் பொருள் உண்டா?

கே.

அன்புள்ள கே.,

இரண்டாம் கேள்விக்கு ஒரு வரி போதும். 11-உம் பகா எண்தான். ஆனால் 2-இன் 11-ஆம் அடுக்கில் 1 குறைத்தால் வரும் 2047, 23 × 89 ஆகும்.

'வீண்' என்ற சொல்தான் என்னை எரிச்சலூட்டியது. 1644-இல் மெர்சென் என்ற பிரெஞ்சுத் துறவி இந்த எண்ணைப் பகா எண்களின் பட்டியலில் சேர்த்தார். 1876-இல் லூக்கா என்ற பிரெஞ்சுக் கணிதவியலாளர், ஒரு காரணியைக்கூடக் காட்டாமலே, அது பகா எண் அல்ல என்று நிறுவினார். அவர் வழியின் இன்றைய வடிவம் எளியது: 4-இல் தொடங்கி, வர்க்கப்படுத்தி 2-ஐக் கழித்து, நம் எண்ணால் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும், இதை 65 முறை செய்தபின் 0 வராவிட்டால் அது பகு எண். அந்த மீதி, எண் உடையும் என்று சொல்லுமே தவிர, எங்கே உடையும் என்று சொல்லாது. உடையும் என்று அறிவதும் துண்டுகளைக் கையில் எடுப்பதும் வெவ்வேறு அறிவுகள் என்று நானும் சலிக்காமல் சொல்லிவருகிறேன். இந்த எண்ணில் அவ்விரண்டுக்கும் நடுவே 27 ஆண்டுகள் கிடந்தன. காரணி எதுவாயினும் 134-ஆல் வகுக்க 1 மீதி வரவேண்டும் என்ற சலுகை இருந்தும், 135-இலிருந்து எண்ணினால் சிறிய காரணியே 14,45,580-ஆவது இடத்தில்தான் நிற்கிறது. மூன்றாண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின என்று கோல் சொன்னதாகக் கணித வரலாற்றை எழுதிய ஈ. டி. பெல் எழுதியிருக்கிறார்.

இலக்கக் கூட்டலைச் சோதிடம் என்று ஒதுக்கவே நினைத்தேன். ஆனால் அது பழைய நினைவு ஒன்றைக் கிளறிவிட்டது. மின்சாரம் போன ஒரு மாலையில், மெழுகுவர்த்தியின் பக்கத்தில் உட்கார்ந்து அந்த இரு காரணிகளையும் கையால் பெருக்கினேன். முதலாவதன் இலக்கக் கூடுதல் 37, இரண்டாவதுடையது 64; மேலும் கூட்டிக்கொண்டே போனால் இரண்டும் 1 ஆவதால், பெருக்கற்பலனின் இலக்கங்களை அப்படிக் கூட்டினாலும் 1 வர வேண்டும். எனக்கு 7 வந்தது. தவறு இருக்கிறது என்பது உறுதி. எந்த வரிசையில் என்று அந்த 7 சொல்லவில்லை. லூக்காவுக்குப் பிறகான அந்த 27 ஆண்டுகளை நான் உடம்பால் உணர்ந்தது அப்போதுதான். ஒரு மணி நேரம் தேடியபின், 9-ஆல் பெருக்கிய வரிசையில் மனத்தில் வைத்திருந்த 3-ஐக் கூட்ட மறந்தது தெரிந்தது. திருத்தியதும் 1 வந்தது. இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருந்தாலும் அதே 1 வரும் என்பதால், விளக்கு எரிந்த பிறகு இருபத்தோர் இலக்கங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டேன்.

நீங்களும் மகனும் ஒரு தடவையாவது பெருக்கிப் பார்த்தீர்களா? அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவனோடு உட்காருங்கள். நடுவில் ஒரு 0 இருப்பதால் எட்டு வரிசைகள்தான்.