மோதியவர் தரும் பணத்தை வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுக்கலாமா?

கார் மோதிக் கால் முறிந்து பிளேட் (உலோகத் தகடு) வைக்கப்பட்ட உங்கள் தம்பி, கார்க்காரர் தரும் 50,000 ரூபாயை வாங்கிக்கொண்டு வழக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்பட வேண்டாம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 166-ஆம் பிரிவின்படி, தம்பி தாம் வசிக்கும் பகுதியின் விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்திலேயே மனு செய்யலாம். மருத்துவச் செலவு மட்டுமன்றி, இழந்த வருமானம், நிரந்தர ஊனத்தால் குறையும் வருங்காலச் சம்பாத்தியம், பட்ட வலி ஆகியவையும் கணக்கில் சேரும் என்பதால், பிளேட் வைத்த காலுக்கு அந்தத் தொகை பெரும்பாலும் மிகக் குறைவே. 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள திருத்தம் இந்த மனுவுக்கு ஆறு மாதக் கெடு விதிக்கிறது. ஆகவே முதல் தகவல் அறிக்கை, காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி தொடங்கி மருந்துக்கடை ரசீது வரை (அந்த அச்சு விரைவில் மங்கிவிடும், நகலெடுத்துவிடுங்கள்) இப்போதே சேர்த்து வையுங்கள். தவறு யாருடையது என்று நிரூபிக்க இயலாவிட்டாலும், 164-ஆம் பிரிவின்படி கொடுங்காயத்துக்கு 2.5 லட்சம் ரூபாய் கோரலாம்.