உத்திரமேரூரில் ஒரு நாள்

கேள்வி: காலப் பயணம் சாத்தியமானால், கடந்த காலத்தில் எந்தக் காலகட்டத்துக்குச் செல்ல விரும்புவீர்கள்?
(வாசகர், திருவல்லிக்கேணி, சென்னை)

பதில்: கி.பி. 921, முதலாம் பராந்தக சோழனின் ஆட்சிக்காலம். நம் சென்னையிலிருந்து ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தொலைவிலுள்ள உத்திரமேரூர். குடவோலை முறையில் வாரியங்களுக்கு, அதாவது ஊர்ப் பணிகளைக் கவனிக்கும் குழுக்களுக்கு, உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் நாளில் ஊர்ச் சபையின் ஓரத்தில் நிற்கவே என் மனம் விரும்புகிறது. 30 குடும்புகளிலிருந்தும் (ஊரின் பகுதிகள்) பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் இட்டு, விவரமறியாத ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்து, அதைப் பெறுபவர் ஐந்து விரல்களையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏற்று, அனைவரும் கேட்க வாசிக்க வேண்டும் என்று வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலுள்ள கல்வெட்டு விதிக்கிறது. விரல்களை ஏன் விரிக்க வேண்டும்? கைக்குள் வேறோர் ஓலையை மறைத்து மாற்றிவிடக் கூடாது என்பதற்காகத்தான் என்று கருதுகிறேன். அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மீண்டும் தேர்வுக்கு வர இயலாது.

ஆயினும் அது பிராமணக் குடியிருப்பின் சபை. சொந்த மனையும் வரி செலுத்தும் நிலமும் உடைய, 35 வயதுக்கு மேல் 70 வயதுக்கு உட்பட்டவர்களுக்கே அதில் இடம். வயலில் உழைத்தவர்களும் பெண்களும் அந்த நாளை எவ்வாறு பார்த்தார்கள் என்பதைக் கல் சொல்லவில்லை. அங்கே செல்ல வாய்த்தால், நான் முதலில் பேச விரும்புவது அவர்களோடுதான்.